பனி இறங்குமுன் முடியும் இசை

யோபு அண்ணாச்சி போய்விட்டார் என்று அவர் மகள் ஸ்டெல்லா காலையில் போனில் சொன்னதும், "அப்பாடா" என்றுதான் என் வாயில் வந்தது. அந்தப் பிள்ளை தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "எனக்கும் அப்படித்தான் மாமா இருக்கு. மூச்சுக்கு அப்பா பட்ட பாட்டை இனிப் பாக்க வேண்டாம்லா" என்றாள். ஆர்கெஸ்ட்ராவில் அவரோடு வாசித்தவர்களே, உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

பீர்மேட்டில் தேயிலை எஸ்டேட் ஆபீஸ் வேலையைப் பார்த்துக்கொண்டே, நம் சர்ச் ஆர்கெஸ்ட்ராவுக்கு மேற்கத்திய சாஸ்திரிய முறையில் சின்னச் சின்ன உருப்படிகள் எழுதினார் அண்ணாச்சி. வயலின், செல்லோ, புல்லாங்குழல், கிளாரினெட், ஹாரன் என்ற பித்தளைக் கொம்பு எல்லாம் உண்டு. ஆனால் எதுவும் மூன்று, நான்கு நிமிஷத்தைத் தாண்டாது. பெரிதாக ஒன்று எழுதக்கூடாதா என்று வயலின்காரனான நான் ஒருமுறை கேட்டேன். ஜன்னலுக்கு வெளியே மஞ்சுப் பனியைக் காட்டினார். "மஞ்சு உள்ள வந்துட்டா உம்ம வயலின்ல சுருதி நிக்குமாவே? அதுக்குள்ள சொல்ல வேண்டியதச் சொல்லிரணும்."

ஒரு கிறிஸ்துமஸுக்கு எழுதியதை ஹாரனில் ஒரே நீண்ட சுரமாகத் தொடங்கியிருந்தார். ஊதியதுதான் தாமதம், முன்வரிசையில் இருந்த கொழுந்து கிள்ளும் பெண்களில் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். ஃபாக்டரி சங்கும் அதே சுரம்! எனக்கோ எரிச்சல். அண்ணாச்சிக்குச் சிரித்து மாளவில்லை. "பாவம், லீவு நாளும் அதுவுமா வேலைக்குக் கூப்பிட்டுட்டேனே" என்று மறுநாளே அந்தத் தொடக்கத்தைப் புல்லாங்குழலுக்கு மாற்றிவிட்டார்.

கடைசியாக எழுதியதைக் காதால் கேட்காமலே போய்விடுவோமோ என்ற பயம்தான் அவரைப் படுக்கையில் வாட்டியது. நமக்கோ ஆள் சேரவில்லை. செல்லோக்காரரால் குமுளியில் ஏலக்காய்க் கடையை விட்டு வர முடியவில்லை. அவர் வரும்போது கிளாரினெட்காரருக்குக் காய்ச்சல். நாளை, நாளை என்று தள்ளிக்கொண்டே போனது. போன சனிக்கிழமை ஒருவழியாக எல்லோரும் வந்து சேர்ந்தோம். அவரை நாற்காலியோடு சர்ச்சுக்குள் தூக்கி வந்து உட்காரவைத்து வாசித்தோம்.

எவ்வளவு நன்றாக வாசித்தாலும் விரலைத் தூக்கி "இன்னொருக்கா" என்பது அவர் வழக்கம். இத்தனை வருஷத்தில் ஒருதரத்தோடு நம்மை விட்டதே இல்லை. அன்றும் வில்லை இறக்காமல் காத்திருந்தோம். விரல் எழவில்லை.

"போதும்வே. நான் நெனச்சது வந்துட்டு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நிம்மதியில் வந்த அழுகைதான். அண்ணாச்சி வாயிலிருந்து "போதும்" என்ற சொல்லை வாங்கியவர்கள் நாம். நான் அதை வைத்துக்கொண்டேன். நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.