சாம்பிராணிப் புகை போன வழி

என் மேசை இழுப்பறையில் விரல் நீளத்துக்கு ஒரு ரப்பர் குழாய்த் துண்டு கிடக்கிறது. மேலே பார்த்தால் புதுசு போலிருக்கும். வளைத்துப் பிடித்தால்தான் அடிப்பக்கம் வாய் பிளக்கும். இப்போது வரும் கார்கள் தங்கள் வியாதியைத் தாங்களே திரையில் எழுதிக் காட்டிவிடுகின்றன. எனக்கு மண்டையை உடைத்துக்கொள்ள வேலையே இல்லை. சும்மா இருக்கும் மதியங்களில் அந்தத் துண்டை எடுத்து வளைத்துப் பார்ப்பேன். டீச்சர் ஞாபகம் வந்துவிடும்.

என் மெக்கானிக் ஷெட் நூம்பலில். டீச்சருக்கு வீடு அயனம்பாக்கம் ஏரிப் பக்கம். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் கணவரை நான் சார் என்பேன். பக்கவாதம் வந்து சாருக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. தன்னுடைய பழைய டர்போ பெட்ரோல் காரில் மட்டும்தான் ஏறுவார். வேறு வண்டி என்றால் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுவார். சாயங்காலம் டீச்சர் ஓட்ட, ஏரிக்கரையோரம் ஒரு சுற்று. நாள் முழுக்க அதற்காகவே காத்திருப்பார். அந்தக் காருக்குத்தான் கேடு வந்தது. ஓடும்போது ஒன்றும் தெரியாது. சிக்னலில் நின்றால் உடம்பெல்லாம் நடுங்கி, இரண்டு குலுக்கு குலுக்கி, அணைந்துபோகும். குமணன்சாவடி சந்திப்பில் லாரிகளுக்கு நடுவே இரண்டு தடவை மாட்டிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து காரைக் காயலாங்கடையில் தள்ளிவிடுவேன் என்று மகன் சொல்லிவிட்டார். அவர் பயமும் நியாயம்தான்.

நானும் சும்மா இருக்கவில்லை. பிளக்கெல்லாம் மாற்றினேன். காற்றுப் போகும் வழியைக் கழற்றிக் கழுவினேன். ஸ்கேனரை மாட்டினால், எஞ்சினுக்குள் காற்று அதிகம் என்றது. எந்த ஓட்டை வழியாக என்று கேட்டால் அதற்குத் தெரியவில்லை. சனிக்கிழமை மதியம் வரை தேடி எரிச்சலின் உச்சியில் இருந்தேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஓரமாக நாற்காலியில், காரோடு கூடவே வந்த சார். அப்போது பார்த்துச் சாம்பிராணித் தூபக்காலும் கையுமாக டீச்சர் உள்ளே வருகிறார்.

“இன்னா டீச்சர் இது? பெட்ரோல் வண்டிகிட்ட நெருப்ப எடுத்துகினு வர்றீங்க!”

“கண்ணு பட்டிருக்குப்பா. ஒரே ஒரு சுத்து சுத்திட்டுப் போயிடறேன்.”

கழுத்தில் சிலுவை, வாயில் திருஷ்டி. நல்ல மடச் சாம்பிராணியிடம் மாட்டினோம் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே, “தள்ளி நின்னு காட்டுங்க” என்றேன்.

அந்த நிமிடத்தை இன்றும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. கூரை இடுக்கில் வெயில் சாய்ந்து விழுந்தது. அதற்குள் புகை நீலமாக, அவசரமே இல்லாமல் மிதந்து வந்தது. வெளியே போகிற வண்டிச் சத்தமெல்லாம் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது போலிருந்தது. சின்ன வயதில் காய்ச்சலில் படுத்துக்கொண்டு உத்தரத்தைப் பார்ப்போமே, அந்த மாதிரி பார்த்துக்கொண்டு நின்றேன்.

“ஏம்பா, புகை மேலதானே போகணும்? இது ஏன் கீழ போகுது?” என்றார் டீச்சர்.

குனிந்து பார்த்தேன். நூல் போல ஓர் இழை மட்டும் பிரிந்து, எஞ்சினுக்கு அடியில் ஓடும் ஒரு குழாயை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. கையை விட்டேன். குழாயின் அடிப்பக்கம் விரலை உறிஞ்சியது. அழுத்திப் பிடித்ததும் நடுக்கம் நின்றது. ஓடும்போது டர்போ காற்றைத் தள்ளி வருஷக்கணக்காக அழுத்தி அழுத்திக் குழாய் அடியில் கிழிந்திருக்கிறது; வண்டி நின்றால் எஞ்சின் அந்தக் கிழிசல் வழியாக வெளிக்காற்றை உறிஞ்சியிருக்கிறது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையும் வந்தது.

ஞாயிறு காலை புதுக் குழாயோடு நானே ஓட்டினேன். முன்சீட்டில் சார், பின்னால் டீச்சரும் மகனும். குமணன்சாவடியில் சிவப்பு விழுந்தது. எஞ்சின் ஒரே சீராக ஓடியது.

“சரி, கார் இருக்கட்டும்மா” என்றார் மகன். பிறகு என்னிடம், “எப்பிடிண்ணே கண்டுபுடிச்சீங்க?”

“ஸ்கேனர்லதான்” என்றேன். வாயில் அப்படித்தான் வந்தது.

சாரின் இடது கை மடியிலிருந்து எழும்பியது. மெதுவாகத் தோளுக்கு மேல் போய், ஒரு விரல் நீண்டு, பின்சீட்டில் இருந்த டீச்சரைக் காட்டியது. கண் மட்டும் என்மேல். பச்சை விழுந்தது. பின்னால் ஹார்ன் அடித்தார்கள். கை இறங்கவில்லை.

“டீச்சர்தான் கண்டுபுடிச்சாங்க” என்றேன்.

கை இறங்கியது. நான் கிளட்சை விட்டேன்.