கப்பலில் வந்த காய்

நாளை என் வீட்டுக்காரருக்கு முதல் வருஷத் திதி. ஐயர் எழுதிக் கொடுத்த சீட்டோடு காலையில் நகரி மார்க்கெட்டுக்குப் போனேன்.

வாழைக்காய், பாகற்காய், அவரை எல்லாம் எடுத்தாயிற்று. பழக்கதோஷத்தில் கை பச்சை மிளகாய்க் கூடைக்குப் போய்விட்டது.

சீட்டைப் பார்த்திருந்த காய்க்காரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"திதிக்குத்தானே வாங்கிக்கினு போற? மொளகா, தக்காளி ஒண்ணும் தொடாதம்மா. வெள்ளக்காரங்க கப்பல்ல கொண்டாந்தது. செத்தவங்களுக்கு ஆவாது. மொளகு போட்டு ஆக்கு."

"மொளகா கடிச்சிக்காம அவரு ஒரு வாய் சோறு துன்ன மாட்டாரேக்கா."

"உயிரோட இருக்கச் சொல்ல துன்னாரு. இப்ப ஆவாதும்மா."

பவர்லூம் கொட்டகைக்குக் கட்டிக்கொடுக்கும் தயிர்சோற்றில் மிளகாய் வைக்க மறந்தால், டப்பா அப்படியே திரும்பி வரும். அந்த மனிதருக்குக் கப்பலுக்கு முந்திய காலத்துச் சாப்பாடாம். அவருடைய முப்பாட்டனுக்கே அந்தச் சமையல் தெரிந்திருக்காதே!

ஆட்டோவில் அழுதுகொண்டே வந்தேன்.

வீட்டில் பையைக் கவிழ்த்தால், கறிவேப்பிலைக்குள் ஆறு பச்சை மிளகாய். எப்போதும் போடுகிற கொசுறு. ஆகாது என்று என்னைத் தடுத்த அதே கைதான், பழக்கத்தில் அள்ளிப் போட்டிருக்கிறது.

நாளை காக்கைக்கு வைக்கும் சோற்றில் ஒன்றை ஒளித்து வைக்கப் போகிறேன். ஐயரிடம் யாரும் போட்டுக்கொடுக்காதீர்கள்.

மிளகாய் தின்னும் காக்கையைப் பார்த்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். பார்க்காதவர்கள் தயவுசெய்து ஒன்றும் சொல்ல வேண்டாம்.