ஃபெபாவின் இரட்டைக் கம்பி

எட்டு வருஷமாக ஃபெபாவின் வேலை ஒயர்களைச் சேர்த்துக் கட்டுவது. ஓசூரில் கார் ஒயரிங் செய்யும் கம்பெனியில், கேபிள் டை போட்டு இறுக்குவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அப்படிப்பட்டவள், கெலவரப்பள்ளி வீட்டில் லைசென்ஸ் வாங்கி ஊர் ஊராகப் பேசும் தன் ஹாம் ரேடியோவை ஆண்டெனாவோடு இணைக்க, ஒன்றோடொன்று ஒட்டாமல் ஓடும் இரண்டு ஒயர்களைத் தேர்ந்தெடுத்தாள்.

"டிவிக்கு வர்ற மாதிரி உருண்டை கேபிள் போடுங்க மேடம். எல்லாரும் அதான் போட்டிருக்கோம்," என்றார் ஹாம் கிளப்பை நடத்தும் ஜெகதீஷ்.

"எங்க வீட்ல ஒரே ஆண்டெனாவுக்குத்தான் எடம் சார். அதுலயே பக்கத்து ஊருக்கு ஒரு பேண்டு, தூரத்துக்கு ஒரு பேண்டுன்னு ரெண்டு அலைவரிசையிலயும் பேசணும். ஆண்டெனா நீளம் பொருந்தாத பேண்டுல உங்க கேபிளே பவரைத் தின்னுடும். ரெட்டை ஒயர் அவ்வளவா தின்னாது."

"சரி, சனிக்கிழமை பாத்துடலாம். கிருஷ்ணகிரிக்கும் கேக்கணும், டெல்லிக்கும் கேக்கணும். கேட்டா வெள்ள ஒத்திகையில அணைச் செய்தி சொல்ற ஸ்டேஷன் உங்களுக்கு. இல்லன்னா நம்ம கிளப் வெங்கட்டுக்கு."

வீட்டுக்குப் பக்கத்து அணையை இன்னொருவருக்கு விடுவதா? சொட்டுநீர்க் குழாயை விரல் நீளத்துக்கு நறுக்கி, இரு ஒயர்களுக்கும் இடையே வரிசையாகக் கோத்தாள். ஏணி போல நீண்டது.

"இதுல அணில் ஏறுமா, எலி ஏறுமா?" என்றான் கணவன் ரோஷன்.

"மொதல்ல நீ மரத்துல ஏறி ஆண்டெனாவைக் கட்டு."

சனிக்கிழமை காலை ரேடியோ எதற்கும் மசியவில்லை. "ஒண்ணும் புரியல மேடம்," என்றது கிருஷ்ணகிரி ஸ்டேஷன்.

"வெங்கட்டுக்குப் போன் போடட்டா?" என்றான் ரோஷன்.

வீட்டிலேயே முதலில் டிகிரி முடித்தவள் அவள். இரட்டை ஒயரைப் பற்றிப் படித்ததே தப்பா, சரியாகப் படிக்கவில்லையா? வெளியே வந்து ஆண்டெனாவிலிருந்து ஒயரைக் கண்ணாலேயே பின்தொடர்ந்தாள். பால்கனியின் இரும்புக் கிரில்லில் ஆறு கேபிள் டை. வரிசை பிசகாமல், கம்பெனி வேலை மாதிரியே. கட்டியது அவள் கைதான். கட்டிய ஞாபகம்கூட இல்லை. இரும்போடு ஒட்டிக் கிடந்தால் இரட்டை ஒயர் எப்படி வேலை செய்யும்? அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எவ்ளோ நீட்டா இருந்துச்சு!" என்று அவன் பதற, ஆறையும் வெட்டினாள். மூங்கில் ஒட்டடைக்குச்சியை எடுத்து, அதன் நுனியில் ஒயரை மாட்டி, கிரில்லுக்கு வெளியே ஒரு முழம் தள்ளிப் பிடிக்கச் சொல்லி அவன் கையில் கொடுத்தாள்.

உள்ளே போய் மறுபடி அழைத்தாள். கிருஷ்ணகிரி உடனே கத்தியது. "ஃபைவ் நைன் மேடம்! பக்கத்து வீட்ல பேசற மாதிரி!"

"கையை எடுக்கட்டா?"

"டெல்லி முடியட்டும், அசையாத."

பேண்டை மாற்றினாள். டெல்லியிலிருந்து ஒரு குரல், அவள் அழைப்புக்குறியை ஒரு எழுத்துகூடப் பிசகாமல் திருப்பிச் சொன்னது. பால்கனியில் ரோஷன் குச்சியோடு ஆடத் தொடங்கினான்.

மறுபடி கிருஷ்ணகிரி பேண்டில் ஜெகதீஷ் வந்தார். "எனக்கும் ஒரு ஏணி செஞ்சு குடுங்க மேடம்."

"ஒத்திகை முடியட்டும் சார்," என்றாள். பிறகு மைக்கை நெருங்கி, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்: "கெலவரப்பள்ளி அணை ஸ்டேஷன், தயார்!"