சோலார் வேலியில் நான் செத்த கதை

சோலார் வேலியைத் தொட்டால் ஆள் கருகிவிடுவான் என்றுதான் நான் நம்பினேன். பகல் முழுக்க எங்கள் ஊர் வெயிலைக் குடித்த பேட்டரி சும்மா விடுமா? வேலி போட்டுக் கொடுத்தவர், "சுருக்குனு தட்டும், பன்னி ஓடிடும், அவ்ளோதாங்க" என்று எவ்வளவோ சொன்னார். வியாபாரத்துக்காகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வத்தல்மலை அடிவாரத்தில் எங்கள் கடலைக்காடு. கடலை முற்றி, பிடுங்கும் பதத்துக்கு வந்திருந்தது. இருட்டினால் காட்டுப்பன்றிகள் இறங்கும். அதற்குத்தான் வேலி.

ஒரு சாயங்காலம் வரப்பில் நடந்தவன், கால் தடுக்கி வேலிக் கம்பியைப் பிடித்துவிட்டேன். அதே நேரம் கெண்டைக்காலில் சுரீர் என்றது. முடிந்தது கதை என்று அப்படியே மண்ணில் படுத்துவிட்டேன்.

"மாதாவே! அடியே, நான் போறேன்! பங்குச் சாமியாருக்குப் போன் போடு!"

மனைவி ஓடிவந்தாள். பக்கத்துக் காட்டுக்காரரும் வந்தார்.

"தொடாதீங்க! உங்களுக்கும் ஏறிடும்!"

"சாவறவன் இவ்ளோ சத்தம் போடமாட்டானேப்பா" என்றார் அவர்.

"ஏங்க, காலைலயே வேலிக் கரண்டுப் பொட்டியை ஆஃப் பண்ணிட்டுத்தான் துணி காயப்போட்டேன். என் சேலை தொங்குறது கண்ணுக்குத் தெரியலையா?" என்றாள் மனைவி.

தெரிந்தது. நீலச் சேலை, பக்கத்தில் என் லுங்கி. கம்பி என்று ஒன்று இருந்தால் அதில் துணி காயவைக்காமல் எங்கள் வூட்டில் யாருக்கும் தூக்கம் வராது.

"அப்போ கால்ல ஏறுனது?"

காட்டுக்காரர் குனிந்து என் காலிலிருந்து ஒரு கட்டெறும்பைத் தட்டிவிட்டார். "இந்தாப்பா, உன் கரண்டு."

அத்தோடு விட்டிருக்கலாம். துணியை எடுத்துக்கொண்டு மனைவி பெட்டியை ஆன் செய்யப் போனபோது வீராப்பு வந்துவிட்டது. "நீ வூட்டுக்குப் போ, நான் போட்டுக்கறேன்" என்றேன்.

பெட்டி முன்னால் நின்றேன். கை சுவிட்சு வரை போகும், திரும்பிவிடும். செருப்பைப் பார்த்தேன், அடி தேய்ந்து ஓட்டையாக இருந்தது. காரிமங்கலம் சந்தையில் நல்ல ரப்பர் செருப்பாக வாங்கிவந்து சுவிட்சைப் போடலாம், ஒரு ராத்திரியில் என்ன ஆகிவிடும் என்று வந்துவிட்டேன்.

"ஆன் பண்ணிட்டீங்களா?"

"ம்ம்."

விடிந்து போய்ப் பார்த்தால் மலையோரக் கடலை முழுக்கக் கிளறிக் கிடந்தது. வேலியில் ஒரு கோளாறும் இல்லை. சுவிட்சை நான் போடவில்லை.