நான் போகாத முகாம்

பல்கலைக்கழகத்திலிருந்து முன்னாள் மாணவர் மலர் தபாலில் வந்திருக்கிறது. பிரித்ததும் புது மை வாசனை. நடுப்பக்கத்தில், அயல்நாடுகளில் தூதரகப் பணியிலும் நிவாரணப் பணியிலும் இருந்தவர்களின் பட்டியல். என் பெயர் இருக்காது என்று தெரிந்தும் விரல் வைத்து ஒருமுறை தேடிப் பார்த்தேன். அறுபது தாண்டியும் இந்த நப்பாசை விடவில்லை, பாருங்கள்.

தேவராஜின் படம் இருந்தது. முகையூர்க்காரன், விடுதியில் என் அறைத்தோழன். அவனுக்குப் பின்னால் வரிசையாகக் கூடாரங்கள். அந்த முரட்டுத் துணியைப் பார்த்ததும் எனக்கு ஆப்பிரிக்கா ஞாபகம் வரவில்லை. திண்டிவனத்தில் எங்கள் எதிர்வீட்டு எத்திராஜ் அண்ணனின் தையல் கடையும் அந்த மெஷின் எண்ணெய் வாசனையும்தான் வந்தன.

எண்பதுகளின் நடுவில் ஆப்பிரிக்காவில் பஞ்சம். அங்கே ஓர் அகதி முகாமில் உணவு வழங்கும் வேலைக்கு எங்கள் இரண்டு பேரையும் ஒரு நிவாரண அமைப்பில் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பாஸ்போர்ட் வர வேண்டியதுதான் பாக்கி. கண் பட்டுவிடும் என்று தெருவில் யாரிடமும் நான் மூச்சுவிடவில்லை. ஆனால் முரட்டுத் துணி வாங்கி, ஆறு பாக்கெட் வைத்து பேண்ட் தைக்க எத்திராஜ் அண்ணனிடம் கொடுத்தேன்.

“இன்னா தம்பி, ஆறு பாக்கெட்டு? அதுல இன்னாத்த ரொப்பப் போற?”

“சும்மாண்ணே, ஸ்டைலுக்கு.”

மறியல், கைது என்று ஊர் கலங்கிக் கிடந்த நாட்கள். தெருவுக்குள் போலீஸ் வந்தால் யாரோ ஒரு பையனைப் பிடிக்கத்தான் வரும். பாஸ்போர்ட்டுக்காக தேவராஜைப் பற்றி விசாரித்தபோது, முகையூர் சர்ச்சின் பங்குச் சாமியார் தங்கமான பையன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். என்னை விசாரிக்க வந்தவரோ, எங்கள் வீடு பூட்டியிருந்ததால் எதிர்க்கடையில் கேட்டிருக்கிறார்.

மாலையில் நான் சைக்கிளை நிறுத்துவதற்குள் எத்திராஜ் அண்ணன் ஓடிவந்து என்னைக் கடைக்குள் இழுத்தார்.

“போலீசு உன்னத் தேடிக்கினு வந்தான் தம்பி. ‘அந்தப் பேர்ல இங்க யாருமே இல்லீங்க’ன்னு அடிச்சி சொல்ட்டேன். எழுதிக்கினு போய்ட்டான். இனிமே ஒண்ணும் பேஜாரு இல்ல. நீ ஜல்தியா ஓமந்தூர்ல உன் மாமா வூட்டுக்குப் போய்டு.”

வழியில் தின்ன ஒரு பொட்டலம் வறுத்த மல்லாட்டையை, வேர்க்கடலையைத்தான், கையில் திணித்தார். போலீஸ் ஜீப் சத்தம் கேட்டாலே உள்ளே போய்விடுகிற மனிதர் அவர். நான் ஸ்டேஷனுக்குப் போய் உண்மையைச் சொன்னால், பொய் சொன்ன அவரைத்தான் பிடிப்பார்கள். அவரிடம் என்னவென்று சொல்வது?

“நல்ல காரியம் பண்ணீங்கண்ணே” என்றேன். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நன்றியில் கலங்கிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார்.

அந்த முகவரியில் அப்படி யாரும் இல்லை என்று என் பாஸ்போர்ட் விண்ணப்பம் தள்ளுபடியானது. தேவராஜை மட்டும் விழுப்புரம் ஜங்ஷனில் ரயிலேற்றிவிட்டேன். “உன் எடத்த வெச்சிருக்கச் சொல்றேன்டா” என்றான். மூன்று மாதம் வைத்துத்தான் இருந்தார்கள். நான் மறுபடி விண்ணப்பித்துக் காத்திருந்தபோது, வேறொருவர் வந்துவிட்டார் என்று நீல நிற வான்கடிதத்தில் எழுதினான். என் பாஸ்போர்ட் அதற்குப் பிறகு சாவகாசமாக வந்தது. ஒரு முத்திரைகூடக் குத்தாமலே காலாவதியும் ஆனது. நான் வட்ட வழங்கல் அலுவலகத்தில் சேர்ந்தேன். அரிசி கொடுக்கும் வேலைதான், ரேஷன் அரிசி. போயிருக்க வேண்டும் என்ற ஏக்கம் மட்டும் இன்றுவரை ஆறவில்லை.

எத்திராஜ் அண்ணன் இந்தக் கதையை என் கல்யாணத்திலும் சொன்னார், என் மகளின் காதுகுத்திலும் சொன்னார். போலீஸ் ஏன் தேடியது என்று மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் கேட்டார்.

“தம்பி, அன்னிக்கு உன்ன இன்னாத்துக்குடா தேடுனாங்க?”

“மறியல் கேஸுண்ணே. நீங்க மட்டும் இல்லன்னா உள்ள போயிருப்பேன்.”

“அதான பார்த்தேன்” என்று நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். என்ன தப்புச் செய்தாய் என்று கேட்காமலே எனக்காக நின்றவர் அவர் ஒருவர்தான். இன்று என் தெருவில் எல்லோரும் நல்லவர்கள், உள்ளதை உள்ளபடி சொல்கிறவர்கள். போலீஸ் வந்து கேட்டால் என் வீட்டைக் கைகாட்டிவிடுவார்கள்.