அன்புக்கரசியின் இடுப்பும் பின்பக்க ஸ்பிரிங்கும்

பாலுசாமி கோயம்புத்தூருக்கும் காங்கேயத்துக்கும் இடையில் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வேலையில் அவர் உட்கார்ந்ததும் இல்லை, கம்பியைப் பிடித்ததும் இல்லை. சூலூரில் பஸ் வளைந்தால் அவர் வளைவார், பல்லடத்தில் நின்றால் நிமிர்வார். நடுவில் நடப்பதெல்லாம் அவருடைய முழங்காலுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. ஒருமுறை அவிநாசிபாளையம் தாண்டி பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது, கடைசி சீட்டில் இருந்த புகையிலை வியாபாரி பெண்கள் சீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தார். பெண்கள் சீட்டிலிருந்த முட்டைக் கூடை டிரைவர் மடிக்குப் போயிருந்தது. பாலுசாமியின் கையிலிருந்த டீயில் ஆடைகூடக் கலையவில்லை. இதில் பாதியாவது உண்மை. எந்தப் பாதி என்பதை அந்த பஸ்ஸில் போனவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

ஓய்வு பெற்ற கையோடு இருகூரில் தன் வீட்டு வாசலில் ஒரு காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். சின்னக் கார், பச்சை நிறம், இவருக்கு முன்னால் இரண்டு பேர் வைத்திருந்தது. அதன் பின்பக்கத்தைக் கையால் அழுத்திவிட்டால் வெகுநேரம் தலையாட்டிக்கொண்டே இருக்கும். எதிர்வீட்டுக்காரர் அதன்மேல் கையூன்றிக்கொண்டுதான் அரசியல் பேசுவார். தான் சொல்வதற்கெல்லாம் ஆமாம் போட அந்தத் தெருவில் இருந்தது அது ஒன்றுதான்.

காரில் முன்னால் பாலுசாமி உட்கார்ந்து ஓட்டுவார். அவர் மனைவி அன்புக்கரசி பின்சீட்டில் காலை நீட்டி உட்காருவாள். ஒவ்வொரு மேட்டிலும், "அம்மாடி! என்ற இடுப்பு!" என்பாள்.

"ஒண்ணுமே தெரீலயே அம்மணி" என்பார் பாலுசாமி.

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்? உங்களுக்குப் பூகம்பம் வந்தாலும் தெரியாது."

இந்த இடுப்பில் ஒரு விசேஷம் இருந்தது. ரேஷன் கடைக்குப் போனால் வலிக்கும், ஆனால் போய்வந்துவிடும். மேட்டுப்பாளையத்தில் அவளுடைய அக்கா வீட்டுக்குப் போனால் சற்று வலிக்கும். காங்கேயம் என்று சொன்னால் மட்டும் எழுந்திருக்கவே விடாது. காங்கேயத்தில் இருந்தது பாலுசாமியின் தங்கை பாவாத்தாள் வீடு. கோயில் நோன்பு, புதுவீட்டுப் பால்காய்ச்சு என்று அங்கே எது வந்தாலும் பாலுசாமி தனியாக பஸ் ஏறிப் போய், "அவளுக்கு இடுப்பு" என்று சொல்லிவிட்டு வந்துகொண்டிருந்தார். மூன்று வருஷமாக இதுதான் வழக்கம்.

அப்போதுதான் பாவாத்தாளின் மகளுக்குக் கல்யாணம் குறித்தார்கள். பாவாத்தாள் போனில் சொன்னாள்:

"அண்ணா, தாய்மாமன் சீர் நீங்க ரெண்டு பேரும் சேந்து நின்னு வெக்கோணும். நீங்க ஒத்தையா தட்டத் தூக்கிட்டு வந்தீங்கன்னா, மாப்பிள்ளை ஊட்டுக்காரங்களுக்கு நான் என்னனு பதில் சொல்றது? அண்ணி வல்லீன்னா நீங்களும் வர வேண்டாமுங்."

போனை வைத்த பாலுசாமிக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஒரே தங்கை. அவளுக்கு ஒரே மகள். அந்தக் குழந்தை பிறந்த நாளிலிருந்து, மணவறையில் அதற்கு மாலை எடுத்துக் கொடுக்கப்போகும் கை தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தவர். அன்புக்கரசியிடம் சொன்னார். அவள் ஒரு கையை இடுப்பில் வைத்தாள்.

வாடகைக் கார் வைத்துக்கொள்ளலாம்தான். சொந்தக் கார் வாசலில் நிற்க வாடகைக் காரில் போய் இறங்கினால், "காரை வித்துப்போட்டீங்களாண்ணா?" என்று பாவாத்தாள் எல்லோர் முன்னாலும் கேட்பாள். கேட்காமல் பார்த்தால் இன்னும் மோசம். சீர் தட்டுகளோடு பஸ்ஸில் போவதைப் பற்றி அவர் நினைக்கவே மாட்டார். பஸ்ஸில் எதுவெல்லாம் மிதிபடும் என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்?

அவருக்கு விடை கிடைத்த இடம் பின்சீட்டு. ஒரு கண்ணில் புரை எடுத்திருந்த சமயம். ஆஸ்பத்திரிக்குத் திரும்பக் காட்டப் போக வேண்டும், வண்டி ஓட்டக்கூடாது. மாடியில் குடியிருந்த ரம்ஷா ஓட்ட வந்தாள். டவுனில் ஒரு மோட்டார் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் விற்பனைக்கு நிற்பவள். முப்பது வயது இருக்கும். நாக்குக்கு அதைவிடக் கூடுதலாகவே வயது. முன்சீட்டில் அவளுடைய ஹெல்மெட்டும் கடைச் சாமானும் கிடந்ததால் பாலுசாமி முதல்முறையாகத் தன் காரின் பின்சீட்டில் ஏறினார்.

முதல் வேகத்தடையிலேயே அவர் தலை கூரையைத் தொட்டது. இரண்டாவதில் கறுப்புக் கண்ணாடி தெறித்து ஹெல்மெட்டுக்குள் போய் விழுந்தது. நின்றுகொண்டிருந்தால் அவர் கால்களே ஷாக் அப்சர்பர். உட்கார்ந்தபோது அவரும் நம்மைப் போல ஒரு ஆள்தான் என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

"என்ன கண்ணு, வண்டி இப்படித் தூக்கிப் போடுது!"

"ஷாக் அப்சர்பர் செத்து நாளாச்சுங்ணா. அக்கா சொல்லச் சொல்ல நீங்க கேக்கலியே. ஸ்பிரிங்கும் படுத்துருச்சு."

வீட்டுக்கு வந்ததும் அவர் அன்புக்கரசியைப் பார்த்த பார்வையில் மூன்று வருஷத்து மன்னிப்பு இருந்தது. அவள் அதைக் கொஞ்சம் சங்கடத்தோடு வாங்கிக்கொண்டாள்.

ஒர்க்‌ஷாப்பில் கேட்டார்கள். முகூர்த்த மாசம், ஊரில் இருக்கிற கார் எல்லாம் கல்யாணத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. "விட்டுட்டுப் போங்க, ஆகறப்ப ஆகும்" என்றார்கள். அது ஆகிவரும்போது பாவாத்தாளுக்குப் பேரன் பிறந்திருப்பான். ஆகவே கண் ஆறியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே செய்துவிடுவது என்று தீர்மானம் ஆயிற்று. பின்பக்கத்துக்கு மட்டும் இரண்டு ஷாக் அப்சர்பர், இரண்டு ஸ்பிரிங். ரம்ஷா கடையிலிருந்து கொண்டுவந்தாள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்டவரிடம், "ஒத்தக் கால்ல மட்டும் புதுச் செருப்புப் போடுவீங்களா?" என்று திருப்பிக் கேட்டாள். தினமும் அவற்றை விற்றாளே தவிர, அவள் ஒன்றையும் மாட்டியதில்லை. போனில் ஒரு வீடியோ இருந்தது. தைரியம் இருவரிடமும் இருந்தது.

முன்சக்கரங்கள் உருளாமல் இருக்க அண்டையாகச் செங்கல் வைத்தார்கள். பின்சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே இளக்கி, ஜாக்கியில் தூக்கி, கீழே இரும்பு ஸ்டாண்டு கொடுத்தார்கள். டிக்கிக்குள் மேல் நட்டு இரண்டும் பேசாமல் கழன்று வந்தன. அடிப் போல்ட்டு வரவில்லை. துரு இளக்கும் எண்ணெய் ஊற்றி, ஸ்பேனரின் வாலில் ஒரு தண்ணீர்க் குழாயைச் சொருகி, பாலுசாமி தொங்கினார். கைமுட்டியில் தோல் உரிந்தது. எதிர்வீட்டுக்காரர் வந்து, இந்தப் போல்ட்டு எந்த ஆட்சியில் துருப்பிடிக்க ஆரம்பித்தது என்று விளக்கினார். அவரைக் குழாயைப் பிடித்து அழுத்தச் சொன்னதும் போய்விட்டார். பிறகு போல்ட்டு ஒரு சத்தம் போட்டுச் சுழன்றது. அந்தச் சத்தத்தில் சூலூரில் விமானம் ஒன்று இறங்காமல் திரும்பிப் போனதாகத் தெருவில் இன்றும் பேச்சு.

கழன்று வந்த ஷாக் அப்சர்பரைத் தரையில் ஊன்றி ரம்ஷா அழுத்தினாள். உள்ளே போன தண்டு அப்படியே நின்றது. புதியதை அழுத்தினாள். மெல்ல, மரியாதையாக எழுந்து வந்தது.

பின் அச்சைக் கீழே இறக்கியதும் பழைய ஸ்பிரிங் தானாக விழுந்து, யாரும் பிடிக்கும் முன்னே சரிவில் உருண்டது. அது உருண்ட தூரத்தை ஒவ்வொருவரும் ஒரு மாதிரி சொல்கிறார்கள். பல்லடம் வரை என்பது மிகை. எடுத்து வந்து பார்த்தபோது அதன் கடைசிச் சுற்று உடைந்து, துண்டு எங்கோ எப்போதோ விழுந்து போயிருந்தது.

"பாத்தீங்களா!" என்று வாசற்படியிலிருந்து அன்புக்கரசி எழுந்தாள். "ஒடைஞ்ச ஸ்பிரிங்கு மேல குந்தவெச்சுப்போட்டு, என்ற இடுப்பச் சந்தேகப்பட்டீங்களே! நான் பொய்யாங்க சொன்னேன்?"

"நான் எப்ப அம்மணி பொய்யின்னேன்?"

"சொல்லலீங்க. மனசுக்குள்ள நெனச்சீங்க."

புது ஸ்பிரிங்கை ரப்பர் வட்டுக்கு மேல் வைத்து, அதன் நுனி தனக்கான பள்ளத்தில் உட்காரும்படி திருப்பி, அச்சை ஜாக்கியால் மேலே ஏற்றினார்கள். ஷாக் அப்சர்பரை மாட்டியதும் பாலுசாமி அடிப் போல்ட்டை முழு மூச்சாக முறுக்கப் போனார். ரம்ஷா ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இப்ப முறுக்கக் கூடாதுங்ணா. வண்டி தரையில எறங்கிப் பாரம் உக்காந்த பொறவுதான் முறுக்கோணும். இல்லாட்டி உள்ள இருக்கற ரப்பர் முறுக்கிக்கிட்டுக் கிழிஞ்சுபோகும். ஆள் ஏறாமலே டிக்கெட் கிழிப்பீங்களா நீங்க?"

இந்த விளக்கம் அவருக்கு உடனே புரிந்தது. இரண்டு பக்கமும் மாட்டி, சக்கரத்தைப் பூட்டி, தரையில் இறக்கி, கடைசி முறுக்கை முறுக்கினார். கார் பின்பக்கம் தூக்கி, முட்டப்போகிற காளைபோல நின்றது. எதிர்வீட்டுக்காரர் வந்து கையூன்றி அழுத்தினார். ஒருமுறை எழுந்து அப்படியே நின்றுவிட்டது. அவர் முகம் வாடியதை எல்லோரும் பார்த்தார்கள்.

சாயங்காலம் வெள்ளோட்டம். தான் ஓட்டினால் தனக்கு ஒன்றும் தெரியாது என்று பாலுசாமியே ஒத்துக்கொண்டு, மனைவியோடு பின்சீட்டில் ஏறினார். ரம்ஷா ஓட்டினாள். இருகூர்ப் பிரிவுக்கு முன்னால் உள்ள வேகத்தடை அன்புக்கரசிக்கு மனப்பாடம். அது கிட்ட வந்தது.

"அம்மாடி! என்ற இடுப்பு!" என்றாள் அன்புக்கரசி.

அதற்குப் பிறகுதான் முன்சக்கரம் ஏறியது. அப்புறம் பின்சக்கரம் ஏறி, பூனை சுவரிலிருந்து இறங்குவதுபோல இறங்கியது. அவ்வளவுதான். அவள் போட்ட சத்தம் போக இடமில்லாமல் காருக்குள்ளேயே நின்றது. ரம்ஷா கண்ணாடியில் பார்த்தாள். பாலுசாமி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"மேடு இப்பத்தான் அம்மணி வந்துச்சு."

பிறகு அன்புக்கரசி முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஆரம்பித்தாள்.

"சரி, சொல்லிப்போடறேன். உங்க தங்கச்சிக்கு எட்டு வருசத்துக்கு முன்னால நான் ஒரு பட்டுச் சேலை எடுத்துக் குடுத்தேன். மாம்பழ மஞ்சள்ல அரக்குக் கரை. கடைகடையா ஏறி எறங்கி எடுத்தது. அத ஒரு நாள் கட்டலீங்க அவ. கட்டாட்டிப் போகுது. நான் போறப்பல்லாம் பீரோவைத் தொறந்து, மடிப்புக் கலையாம எடுத்து எல்லார்த்துக்கும் காட்டுவா. 'எங்கண்ணி குடுத்ததுங்க, பத்தரமா வெச்சிருக்கறேன்'னு. அவளுக்குப் புடிக்கலீங்கறத அதவிட நல்லா எப்படீங்க சொல்றது? அந்தப் பீரோ தொறக்கற சத்தத்துக்குத்தாங்க என்ற இடுப்பு வலிக்கறது."

பாலுசாமி தோல் உரிந்த கைமுட்டியைப் பார்த்தார். "சேலைன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா நான் ஒரு நட்டுக்கூடக் கழட்டியிருக்க மாட்டேனே."

"நல்லவேளை சொல்லலீங்க" என்றாள் ரம்ஷா. "வண்டியாச்சும் நல்லாச்சு."

பாலுசாமி மேற்கொண்டு கெஞ்சவில்லை. "புள்ள கண்ணாலத்துக்கு நான் மாலை எடுத்துக் குடுக்கோணும்னு இருந்தேன். உனக்கு ஆகலீன்னா உடு" என்று மட்டும் சொன்னார். அதைக் கேட்டபோது அன்புக்கரசிக்கு எந்த மேட்டையும்விடத் தூக்கிப் போட்டது. வீட்டு வாசலில் இறங்கும்போது சொன்னாள்:

"வாரனுங்க. ஆனா முன்சீட்டு எனக்கு."

மறுநாள் காலையில் அவள் தையல்காரியிடம் போனதை பாலுசாமி கவனிக்கவில்லை.

கல்யாணத்துக்கு முதல்நாள் காங்கேயத்தில் போய் இறங்கினார்கள். சீர் தட்டில் அடுக்கிய பழம் ஒன்றுகூட இடம் மாறவில்லை. பாவாத்தாள் வந்து அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். உண்மையான சந்தோஷம்தான், கண்கூடக் கலங்கியது. ஆனால் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. நகை எடுக்க பீரோவைத் திறந்தவள், கூடியிருந்த பெண்களைப் பார்த்து, மேல்தட்டிலிருந்து அந்தச் சேலையை எடுத்துவிட்டாள்.

"எங்கண்ணி குடுத்ததுங்க. எத்தன வருசமாச்சு, பாருங்க, பத்தரமா வெச்சிருக்கறேன்."

"நெம்பப் பத்தரமாத்தான் வெச்சிருக்கறே, பாவா" என்று கையை நீட்டினாள் அன்புக்கரசி. "குடு இக்கட்டால. சீருக்கு நான் இதையே கட்டிக்கறேன்."

பாவாத்தாள் சிரித்தாள். "சேலை கட்டலாமுங் அண்ணி. ஜாக்கெட்டுக்கு எங்க போறது?"

அன்புக்கரசி தன் பையைத் திறந்தாள். அரக்கு நிறத்தில், கொக்கி வைத்து, இஸ்திரி போட்ட ரவிக்கை ஒன்று எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. போனபோதெல்லாம் பார்த்துப் பார்த்து எரிச்சல்பட்ட நிறம். தையல்காரியிடம் அதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லியிருந்தாள்.

மறுநாள் மணவறையில் பாலுசாமி மருமகளுக்கு மாலை எடுத்துக் கொடுத்தார். மாலையிலிருந்து ஒரு பூ உதிர்ந்து அவர் காலடியில் விழுந்தது. அசையும் பஸ்ஸில் டீ சிந்தாத கை அது. பக்கத்தில் மாம்பழ மஞ்சள் பட்டில் அன்புக்கரசி நேராக நின்றாள். சேலை அவளுக்கு அப்படிப் பொருந்தியது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் கரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, எங்கே எடுத்தது என்று கேட்டார்கள். அவள் வாய் திறக்கும் முன் பாவாத்தாள் குறுக்கே வந்தாள்.

"நாந்தானுங்க எங்கண்ணிக்குக் குடுத்தேன்."

அன்புக்கரசி மறுக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் அதுவும் உண்மைதான்.

திரும்பி வரும்போது முன்சீட்டில் அந்தச் சேலையோடே உட்கார்ந்திருந்தாள். காங்கேயத்துப் பீரோவில் இனி காட்ட ஒன்றுமில்லை என்பதை நினைத்து நினைத்துத் தானாகச் சிரித்துக்கொண்டாள். பல்லடத்துக்கு முன்னால் ஒரு வேகத்தடை வந்தது. பாலுசாமி பழக்கத்தில் பிரேக்கை மிதித்து, மனைவியின் இடுப்பைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னங்க ஊர்ந்துட்டு இருக்கறீங்க?" என்றாள் அன்புக்கரசி. "பின்னால பஸ்காரன் ஹாரன் அடிக்கறான் பாருங்க. போங்க."