அடுப்படிக் கொடி

குற்றாலத்தில் எல்லோரும் அருவியைக் காட்டிப் பிழைத்தார்கள். எங்கள் லாட்ஜ் மட்டும் காய்ந்த துணியைக் காட்டிப் பிழைத்தது. சிற்றாற்றங்கரையில் மாங்காய் பழுக்கப்போடத் தாத்தா கட்டிய கிட்டங்கி அது. அப்பா அதை அறை அறையாக மறித்து வாசலில் பெயர்ப்பலகை மாட்டினார். அறைக்குள் நுழைந்தாலே மாம்பழ வாசனை அடிக்கும். என்ன வாசனை என்று யாராவது கேட்டால், மலைக்காற்று என்பார் அப்பா. கூசாமல் சொல்வார்.

சாரல் சீசனில் ஊரே நசநசவென்று கிடக்கும். ஒரு துண்டு காய்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். எங்கள் அடுப்படியிலோ வெந்நீருக்கும் வீட்டுச் சமையலுக்குமாக நாலு அடுப்பும் அணையாமல் எரியும். மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கயிற்றுக்கொடி. அருவியில் குளித்துவிட்டு வருகிறவர்கள் ஈரத்துணியைக் கழற்றிக் கொடுத்தால் போதும், பொழுது சாய்வதற்குள் மொடமொடவென்று கைக்கு வந்துவிடும். அதற்காகவே திருநெல்வேலியிலிருந்தெல்லாம் வருடம் தவறாமல் வந்தார்கள். அடுப்பு அம்மாவின் பொறுப்பு, கொடி அக்காவின் பொறுப்பு. எந்தச் சேலை எந்த அறை, எந்த வேட்டி யாருடையது என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். எங்கள் வீட்டுத் துணிகளுக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. கிணற்றடியில் குளித்து, கிணற்றடிக் கொடியிலேயே போட்டுவிடுவோம், காய்ந்தால் உண்டு. அடுப்படிக் கொடி அருவிக்குப் போய் வந்தவர்களுக்கு.

ஐம்பதுகளின் கடைசி. எனக்கு எட்டு வயதிருக்கும். அந்த சீசனில் ஆலங்குளம் பக்கமிருந்து வசதியான குடும்பம் ஒன்று வந்து, ஆற்றைப் பார்த்த பெரிய அறையில் தங்கியது. அதிகாரமான ஒரு பெரியம்மா, அவர் வீட்டுக்காரர், இரண்டு மகன்கள், மூத்த மருமகள். அப்போதெல்லாம் தங்க வருகிறவர்களே பாத்திரம் பண்டம் கொண்டுவந்து அறையிலேயே சமைத்துக்கொள்வார்கள். மருமகள் சமைத்தாள், மற்றவர்கள் காலையில் பேரருவி, சாயங்காலம் ஐந்தருவி என்று போய் வந்தார்கள். இளைய மகனுக்குக் குளித்துக் குளித்துக் கண் கோவைப்பழமாகிவிட்டது.

ஊருக்குப் புறப்படுகிற அன்று காலையில் பெரியம்மா அப்பாவைக் கூப்பிட்டார். வாடகையைக் குறைக்கச் சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று அப்பா முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு போனார்.

“அண்ணாச்சி, நாங்க குளிக்க மட்டும் வரல. உங்க மூத்த பொண்ணைப் பாக்கத்தான் வந்தோம். சொல்லிட்டு வந்தா எல்லாப் பொண்ணும் தங்கமாத்தான் இருக்கும். அதான் சொல்லாமலே பாத்தோம். எங்களுக்குப் பிடிச்சிருக்கு, சின்னவனுக்குக் குடுங்க.”

எனக்குப் பகீரென்றது. இத்தனை நாளும் இவர்கள் ஆற்றைப் பார்க்கவில்லை, எங்களைத்தான் பார்த்திருக்கிறார்கள்! அவர்கள் எதிரில் நான் மூக்கைச் சிந்தியதெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து நிலையோரம் நின்றாள். பையனுக்குத் தாலுகா ஆபீசில் வேலை, நஞ்சை, புஞ்சை, சொந்த வீடு என்று பெரியம்மா சொல்லச் சொல்ல, அப்பாவின் தலை தானாக ஆடிக்கொண்டிருந்தது.

“எனக்குச் சம்மதமில்ல” என்றாள் அக்கா.

கொடியிலிருந்து எடுத்த துணிகளை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தாள். பெண்பிள்ளை வாயிலிருந்து அப்படியொரு சொல் வந்து எங்கள் தெருவிலேயே யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

“ஏட்டி, கிறுக்கு புடிச்சிருச்சா? என்ன கொறை கண்டே?” என்றார் அப்பா.

“இவிய எல்லார் துணியும் தெனமும் கொடிக்கு வந்துது. அந்த மைனி சேலை மட்டும் ஒருநாளும் வரல. குத்தாலத்துக்கு வந்தும் தலை நனையாமலே போறாவ.”

பெரியம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று. “அப்ப அடுப்பை யாரு பாப்பா?” என்றார். மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“ஒருத்தி அருவியில குளிக்கலேன்னு ஒரு சம்பந்தத்தையே வேண்டாம்னு சொல்லுதியா?” அப்பா கத்தினார்.

அக்கா திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஏதோ சொல்லப்போகிறாள் என்று நானும் பார்த்தேன். அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள். அடுப்பில் ஏதோ தீய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்கள் தென்காசி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்கள். பாத்திர மூட்டையோடு கடைசியாக வந்த மருமகள், வாசலில் நின்று அக்காவையே பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று பயந்து தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவள் அக்காவின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் படியிறங்கிப் போனாள். இவ்வளவுக்கும் பிறகு எதற்குக் கொஞ்சுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

அப்பா வாசலுக்கும் திண்ணைக்குமாக நடந்துகொண்டிருந்தார். இன்றைக்கு அக்காவுக்கு விழுகிற அடியில் எனக்கும் பங்கு உண்டு என்று பயந்து, சோறுகூடக் கேட்காமல் காலியான பெரிய அறையில் போய்ப் படுத்தவள் தூங்கிப்போனேன்.

சாயங்காலம் எழுந்து அடுப்படிக்கு வந்தேன். நாலு அடுப்பும் அணைந்து கிடந்தன. சீசனில் அப்படி ஒருநாளும் நான் பார்த்ததில்லை. ஐயோ, யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். அக்கா மட்டும் குனிந்து ஊதுகுழலால் ஒரு அடுப்பை மூட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு மேலே கொடியில் ஒரு சேலை சொட்டச் சொட்டத் தொங்கியது. தண்ணீர் அவள் முதுகில் விழுந்துகொண்டிருந்தது, அவள் நகரவில்லை.

“இது எந்த ரூம் சேலைக்கா?”

“அம்மாவோடதுதாம்ட்டி.”

பின்வாசலில் அம்மா ஈரத்தலையை விரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் நம்பவில்லை. அம்மாவின் சேலைக்கு இங்கே என்ன வேலை?

“கிணத்தடிக் கொடி அறுந்துபோச்சா?” என்று கேட்டேன்.